நின்ற மில்லில் மழை

தேமா, கானா
6 மார்ச் 2022

அன்புள்ள அக்காவுக்கு,

மணவாளன் எழுதுவது. எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை பாட்டிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாயா?

பூமிகா போனில் சொன்னாள், "அத்தை உன் லெட்டர் வர்ல வர்லன்னு போஸ்ட்மேன தெனம் மெரட்டிக்கினு கீது, நைனா" என்று. கோபித்துக்கொள்ளாதே. மகளிடம் வாரம் ஒருமுறை பேசிவிடுகிறேன். உன்னோடு வீடியோவில் வந்தால், "இன்னாடா, மீன் மாதிரி வாய தொறந்து தொறந்து மூடறே" என்கிறாய். ஆணி கம்பெனி உன் காதை வாங்கிக்கொண்டது, போனில் எழுத்து தட்டவும் நீ மாட்டேன் என்கிறாய், நமக்குள் கடிதம்தான் சரி. உன்னால் என் கையெழுத்துகூடத் திருந்திவிட்டது.

இங்கே மில் மூன்று ஷிப்டும் ஓடுகிறது. சிவக்கக் காய்ந்த இரும்புத் துண்டு உருளைகளுக்கு நடுவே நுழைந்து கம்பியாக நீண்டு வருவதைப் பார்த்தால் கும்மிடிப்பூண்டியில் நிற்பது போலவே இருக்கிறது. அதே சூடு, அதே வாசனை. பக்கத்தில் நிற்கிறவர் காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் பேச்சு. என்னோடு வேலை பார்க்கிற ஃபிட்டர் பெயர் கோஃபி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் பிள்ளைக்கு இந்த ஊரில் வைக்கிற பெயராம் அது.

விலைவாசிதான் பேஜாராக இருக்கிறது. கெங்கே என்று ஒன்று விற்பார்கள், புளித்த மக்காச்சோள மாவை உருண்டை பிடித்து மட்டையில் சுற்றி அவித்தது. நான் வந்த புதிதில் அது இரண்டு கைக்கும் நிறைய இருந்தது. இப்போது அதே விலைக்கு உள்ளங்கையில் அடங்குகிறது. விற்கிற அம்மாளைக் கேட்டால், சீடி சிறுத்துப்போனது, உருண்டையும் சிறுத்துப்போனது என்று சிரிக்கிறாள். சீடி என்பது இந்த நாட்டு ரூபாய்.

இந்த மாதம் பணம் குறைவாக வரும். மீதியை இங்கேயே வங்கியில் போட்டுவிட்டேன். நூற்றுக்கு இருபதுக்கு மேல் வட்டி தருகிறார்கள், அக்கா. பூமிகா நர்சிங் முடிப்பதற்குள் அது நல்ல தொகையாகிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அடுப்படியிலேயே நின்று சாகாதே.

உன் தம்பி
மணவாளன்


புதுவாயல்
9 ஏப்ரல் 2022

தம்பி மணவாளனுக்கு,

தமிழ்செல்வி ஆசிகளுடன். நான் நன்றாக இருக்கிறேன். முட்டியும் நன்றாக இருக்கிறது, வலிதான் இன்னும் போகவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போஸ்ட்மேனை நான் மிரட்டவில்லை. ஒருநாள் இட்லி கொடுத்துவிட்டுக் கேட்டேன், அவ்வளவுதான். உன் மகள் ஒன்றை ஒன்பதாகச் சொல்லுவாள்.

கடை நன்றாகப் போகிறது. ஜங்ஷனில் காலை ஷிப்டுக்குப் போகிற ஜனம் முழுக்க நம் கடை வழியாகத்தான் போகிறது. ஒரிசா பையன்கள், பீகார் பையன்கள், நம் ஊர்ப் பெண்கள். எனக்குக் காது கேட்காது என்று எல்லாருக்கும் தெரியும். இத்தனை இட்லி என்று விரலைக் காட்டுவார்கள், சாம்பார் என்றால் கையைச் சாய்த்துக் காட்டுவார்கள். கத்திக் கத்தி வாங்குகிற கடையைவிட நம் கடையில் நாஷ்டா சீக்கிரம் கிடைக்கிறது என்று பேர்.

வட்டியைப் பற்றி எழுதியிருந்தாய். இவ்வளவு வட்டி தருகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு அவன் முகத்தை ஒருதரம் பார்க்கவேண்டும் போலிருக்கும். அவனுக்கு அப்படி என்ன கஷ்டம்? நீ கேட்டாயா? டீக்கடைப் பேப்பரில் படித்தேன், இலங்கையில் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கக் காகிதம் வாங்க டாலர் இல்லையாம். ஒரு நாடு காகிதத்துக்குத் தவிக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. உன் ஊர் அப்படி ஆகாதே?

பூமிகா ஒழுங்காகக் காலேஜ் போகிறாள். வெள்ளைக் கோட்டை நானே துவைத்துக் கஞ்சி போடுகிறேன். பெரியபாளையத்தம்மன் உன்னைக் காப்பாற்றட்டும்.

அக்கா
தமிழ்செல்வி


தேமா
19 ஜூன் 2022

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். மழைக்காலம் தொடங்கிவிட்டது, ஆனாலும் சளிகூடப் பிடிக்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் சுகம்தானே?

நேற்று மில்லில் நின்றிருந்தபோது நல்ல மழை. தகரக் கூரையில் முதலில் ஒன்றிரண்டு துளி தட்டியது, அப்புறம் கொட்டித் தீர்த்தது. கிரேன் உத்தரத்தில் கூடு கட்டியிருக்கிற குருவிகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. நானும் கோஃபியும் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்குத் தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஞாபகம் வந்துவிட்டது.

உனக்கு நினைவிருக்கிறதா? தாய்லாந்தில் பணம் விழுந்துவிட்டது, இந்தோனேசியாவும் கொரியாவும் கூடவே விழுந்துவிட்டன, அங்கே விற்காத இரும்பெல்லாம் கப்பலேறி மலிவாக இங்கே வந்து இறங்குகிறது, அதனால் மில்லை மூடுகிறோம் என்று மேனேஜர் கேட்டில் நின்று சொன்னார். நம் நைனா முன்னால் போய், "தாய்லாந்து எங்க சார் கீது?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அங்கே நின்ற எல்லாருக்கும் அதே கேள்விதான் இருந்தது.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமைகள். சம்பளம் கிடையாது, கரண்டு கிடையாது. அப்பாவு மேஸ்திரி கூப்பிட்டார் என்று நைனாவின் பேச்சுக்காகவே நாலைந்து பேர் வருவார்கள். வாட்ச்மேன் சின்னக் கதவைத் திறந்துவிடுவார். கடப்பாரையைக் கொடுத்து, எல்லாரும் தோளை வைத்துத் தள்ளி, ஒவ்வொரு உருளையையும் கால் சுற்று சுற்றி, கிரீஸ் வைத்துவிட்டு வருவார்கள். எதற்கு என்று நைனாவைக் கேட்டேன். "ஒரே எடத்துல பாரம் ஒக்காந்துக்கினே இருந்தா பேரிங் கெட்டுப்பூடும்டா. நின்ன மில்லுக்கும் வாரத்துக்கு ஒரு தபா உசுரு குடுக்கணும்" என்றார்.

மத்தியானம் நான் கேரியர் தூக்கிக்கொண்டு போவேன். கருவாட்டுக் குழம்பு. அந்த இருட்டு மில்லில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து நைனாவின் சோற்றைப் பங்கு போட்டுச் சாப்பிடுவோம். அந்த ருசி இன்றுவரைக்கும் எனக்குக் கிடைக்கவில்லை. எட்டு மாதம் கழித்து மில் திறந்த அன்று பொத்தானை அழுத்தியதும் உருளைகள் சுற்றின. பக்கத்து மில் துருவேறி நின்றுவிட்டது. நைனா அழுது நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

அது கஷ்டகாலம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கோ அதுதான் நல்ல காலமாகத் தெரிகிறது. என்ன மனமோ இது.

பணம் இந்த மாதமும் குறையும். டாலர் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
மணவாளன்


புதுவாயல்
24 ஜூலை 2022

மணவாளனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். ஆடி பிறந்துவிட்டது, பெரியபாளையம் போகிற வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன, கடையில் எனக்குக் கை ஓயவில்லை.

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். முதல் தரம் நைனாவை நினைத்து அழுதேன். இரண்டாம் தரம் அந்தக் குருவியில் வந்து நின்றுவிட்டேன்.

காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் பேச்சு என்று மார்ச்சில் எழுதிய ஆள் நீ. மூன்று ஷிப்டும் ஓடுகிற மில்லில் உனக்குக் கூரையில் விழுகிற முதல் துளி கேட்கிறதா? குருவி கத்துவது கேட்கிறதா? எனக்குக் காது போய்விட்டது, தம்பி. ஆனால் எந்தச் சத்தத்துக்கு நடுவே எந்தச் சத்தம் கேட்காது என்பது என்னைவிட இந்த ஜில்லாவில் யாருக்குத் தெரியும்? செவிடியிடம் சத்தத்தைப் பற்றி எழுதி மாட்டிக்கொண்டாய்.

மில் எப்போது நின்றது?

பூமிகாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. உடம்பு சுகமா என்று கேட்கக்கூட இப்போது பயமாக இருக்கிறது, அதற்கும் நீ சுகம் என்றுதானே எழுதுவாய்.

அக்கா


தேமா
11 செப்டம்பர் 2022

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நிஜமாகவே சுகம். அதில் பொய் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்?

மில் ஏப்ரல் கடைசியில் நின்றது. உருட்டுவதற்கு வேண்டிய இரும்புத் துண்டு வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அதற்கு டாலர் கொடுக்கவேண்டும். முதலாளி சீடியை மூட்டையாக எடுத்துக்கொண்டு போனாலும் வங்கியில் டாலர் இல்லை என்கிறார்கள். நல்ல காலத்தில் இந்த நாடு வெளியே டாலரில் கடன் வாங்கிக்கொண்டே இருந்ததாம். வாங்கியது டாலர், சம்பாதிப்பது சீடி. சீடி சரியச் சரிய ஒரு பைசா புதிதாக வாங்காமலே கடன் ஏறிக்கொண்டு போகிறது. அப்புறம் கொரோனா, அப்புறம் அந்த உக்ரைன் சண்டை. கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள். கோஃபி இதையெல்லாம் ரேடியோவில் கேட்டு எனக்குச் சொல்கிறார். நானும் நைனா மாதிரி, சண்டை நடக்கிற ஊர் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடிப் பார்த்தேன்.

முதலாளி பத்து நாளில் வருகிறேன் என்று துபாய் போனார். சம்பளம் பாக்கி. ரூமும் அரிசியும் மட்டும் கம்பெனி கணக்கில் ஓடுகிறது. மற்றவர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். என் வங்கிப் பணத்தின் மதிப்பு பாதியாகிவிட்டது. நீ சொன்னபடி அவர்களுடைய முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

ஆனால் நான் சும்மா இல்லை, அக்கா. வெள்ளிக்கிழமைதோறும் நானும் கோஃபியும் உருளைகளைக் கால் சுற்று சுற்றிவிடுகிறோம். அவருக்கு நைனாவின் கதையைச் சொன்னேன். தன் வெள்ளிக்கிழமைப் பெயருக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்தது என்று சிரித்தார். மில் திறக்கும், முதல் நாளே ஓடும், முதல் சம்பளம் எனக்குத்தான். நைனா எட்டு மாதம் பொறுக்கவில்லையா?

பூமிகாவுக்குத் தெரியவேண்டாம். படிக்கிற பிள்ளை.

உன் தம்பி
மணவாளன்


புதுவாயல்
22 அக்டோபர் 2022

தம்பிக்கு,

தீபாவளிக்கு முறுக்கு சுட்டேன். உன் பங்கைக் கடைக்கு வந்த ஒரிசா பையன் தின்றுவிட்டான். நான் சுகமாகத்தான் இருக்கிறேன். நீ இளைத்திருக்கிறாய் என்று பூமிகா சொன்னாள்.

கிளம்பி வா. இங்கே சிப்காட்டில் இல்லாத மில்லா? அங்கே வாங்கின சம்பளம் வராது, சரி. வருகிற சம்பளம் வரும். வந்து ஒரு ஓரமாக நின்று என்னோடு மாவாட்டினாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

நைனா எட்டு மாதம் பொறுத்தார் என்று எழுதியிருக்கிறாய். நீ சொல்லுகிற அத்தனையும் நடந்தது. நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன், யோசித்து எழுது. அந்த எட்டு மாதமும் நம் வீட்டில் உலை எப்படிக் கொதித்தது?

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அக்கா
தமிழ்செல்வி


புதுவாயல்
28 டிசம்பர் 2022

தம்பிக்கு,

நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. கடிதம்தான் சேரவில்லையோ, உனக்கு எழுதத்தான் மனமில்லையோ தெரியவில்லை. உன் நாடு வாங்கின கடனைக் கட்டமுடியாது என்று கையை விரித்துவிட்டதாகப் பேப்பரில் பார்த்தேன்.

இங்கே பனி. பூமிகா நன்றாக இருக்கிறாள். அதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

அக்கா


தேமா
12 பிப்ரவரி 2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. எழுதாமல் இருந்தது என் தப்பு. நல்ல செய்தி ஒன்று வரட்டும், அதோடு எழுதலாம் என்று இருந்தேன், அது வரவில்லை. உடம்பு பரவாயில்லை. இங்கே பாலைவனக் காற்றடித்து உதடெல்லாம் வெடித்திருக்கிறது. உன் முட்டிக்குப் பனி ஆகாதே, எப்படிச் சமாளித்தாய்?

உலை எப்படிக் கொதித்தது என்று கேட்டாய். பொன்னேரிக் கழனி நெல் இருந்ததே, அக்கா. அம்மா கெட்டிக்காரி, எதையாவது செய்து சமாளித்திருப்பாள். உனக்கும் படிப்பு ஏறவில்லை என்று நீ ஆணி கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாய். எல்லாம் சேர்ந்து ஓடிவிட்டது.

கோஃபியின் அக்கா ஓய்வுபெற்ற டீச்சர். சேர்த்துவைத்ததையெல்லாம் அரசாங்கப் பத்திரத்தில் போட்டிருந்தாராம். இப்போது அந்தப் பத்திரத்துக்குச் சொன்ன வட்டி இல்லை, சொன்ன தேதியும் இல்லை என்கிறார்கள். போன வாரம் கோஃபியோடு தலைநகருக்குப் போனேன். நிதி அமைச்சகத்து வாசலில் வயதானவர்கள் நாற்காலி போட்டுக்கொண்டு, கையில் அட்டை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஊன்றுகோல் வைத்திருந்தவர்கள், வீட்டிலிருந்து சோறு கட்டி வந்தவர்கள். நன்றாக உடுத்தி, தலைவாரி, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினது போல வந்திருந்தார் கோஃபியின் அக்கா. டாலர் கடன் வாங்கினவர்கள் ஒருவரும் அந்த வெயிலில் இல்லை. என்னால் அந்த அம்மாளின் முகத்தை நேராகப் பார்க்கமுடியவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

உருளைகள் இன்னும் சுற்றுகின்றன. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கிறேன். வெறுங்கையோடு எப்படி வருவேன்?

உன் தம்பி
மணவாளன்


புதுவாயல்
12 மார்ச் 2023

தம்பி மணவாளனுக்கு,

நான் இருக்கிறேன். நீயும் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

நெல் இருந்தது என்று எழுதியிருக்கிறாய். இல்லை. நைனா சம்பளம் வந்தால்தான் கழனியில் ஏர் இறங்கும். அந்த வருஷம் சம்பளமும் இல்லை, ஏரும் இல்லை, கழனி முழுக்கக் கோரை. மில் மூடி இரண்டாம் மாதம் அம்மா என்னை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டு, "டீச்சர் ட்ரெய்னிங் அட்த்த வருசம் போய்க்கலாம்டி. ஆணி கம்பெனில ஆள் எடுக்கறாங்களாம்" என்றாள். ஒரு வருஷம்தானே என்று போனேன். படிப்பு ஏறவில்லை என்று உன்னிடம் சொல்லச் சொன்னதே நான்தான். உண்மை தெரிந்தால் நீயும் ஸ்கூல் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிடுவாய் என்று பயந்தேன்.

நீ தூக்கிக்கொண்டு போனாயே கேரியர், அந்தக் கருவாடு பழவேற்காட்டு கோவிந்தம்மாவிடம் என் சம்பளத்தில் வாங்கியது. சோறும் அப்படித்தான். நைனாவுக்குத் தெரியும். முதல் சம்பளத்தை நான் கொடுத்தபோது அவர் கையை நீட்டினார், முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை. வெள்ளிக்கிழமை உருளையைத் தள்ளியது நைனா. மற்ற ஆறு நாளும் வீட்டைத் தள்ளியது நான். அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை. மில் திறந்த பிறகும் பாக்கிச் சம்பளம் வரவில்லை, அப்புறம் உன் ஐடிஐ, அப்புறம் எனக்கும் வெளியே வர மறந்துபோயிற்று.

ஆணி அடிக்கிற மெஷின் எப்படிக் கத்தும் என்று உனக்குத் தெரியாது. நான் வேலைக்குப் போன சில மாதத்திலேயே ஒருநாள் அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. "சம்பாரிக்கற திமிரா?" என்று கரண்டியாலேயே முதுகில் போட்டாள். நான் திரும்பிப் பார்த்து முழித்த முழியைக் கண்டு, அவளே உட்கார்ந்து அழுதாள். தாய்லாந்தில் யார் கடன் வாங்கினார்களோ, யார் கொடுத்தார்களோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் காதுக்கும் அவர்களுக்கும் என்னடா சம்பந்தம்?

உன்மேல் கோபத்தில் இதை எழுதவில்லை. நீ அந்த வெள்ளிக்கிழமைகளை ஆசையாக நினைப்பதும் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் ஒருத்தருக்காவது அது நல்ல காலமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். செத்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். இப்போது சொல்லவேண்டி வந்துவிட்டது.

பூமிகா நவம்பரிலிருந்து காலேஜுக்குப் போகவில்லை. சிப்காட்டில் வண்டிக்குத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறாள். மில் நின்றது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "ஒரு வருசம்தான் அத்தை. நைனாவாண்ட சொன்னே, நான் ஊட்ட உட்டே போய்டுவேன்" என்று என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். கடை வருமானத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் மன்றாடினேன், கேட்கவில்லை. அவள் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று உனக்கே தெரியும். தினமும் காதுக்குப் பஞ்சு கிழித்துக் கொடுத்து அனுப்புகிறேன். மேஸ்திரி சொல்வது கேட்கவில்லை என்று அவள் அதை எடுத்துவிடுகிறாள்.

நேற்று சாயங்காலம் அவள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நின்று கூப்பிட்டேன். "பூமி" என்றேன். என் குரல் எனக்குக் கேட்காது, அதனால் நான் எப்போதும் சத்தமாகத்தான் கூப்பிடுவேன். தெருவில் போன குப்புராஜ் திரும்பிப் பார்த்தார்.

அவள் திரும்பவில்லை, தம்பி.

சத்தியத்தை மீறிவிட்டேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

அக்கா
தமிழ்செல்வி


தேமா
9 ஏப்ரல் 2023

அக்காவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கிளம்பிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து நின்றாலும் நிற்பேன்.

இருந்த பணத்தில் பாதியைச் சீடியின் சரிவு தின்றுவிட்டது. மீதியிலும் கேட்டதை முழுதாகத் தரமாட்டோம் என்கிறார்கள் வங்கியில். தந்தது ஒரு விமான டிக்கெட்டுக்குச் சரியாக இருந்தது. இத்தனை வருஷச் சேமிப்புக்கு ஒரு ஜன்னலோர இடம்.

முந்தாநாள் பெரிய வெள்ளி. கோஃபி சர்ச்சுக்குப் போய்விட்டுக் கறுப்புச் சட்டையோடு மில்லுக்கு வந்தார். கடைசித் தடவையாக இரண்டு பேரும் தள்ளினோம். உன் கடிதத்தில் இருந்ததை அவருக்குச் சொன்னேன். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "உருளை காத்திருக்கும், காது காத்திருக்காது, போ" என்றார்.

பூமிகாவிடம் நான் வருவதைச் சொல்லாதே. உன்மேல் கோபித்துக்கொள்வாள். வந்து நானே திட்டு வாங்கிக்கொள்கிறேன். அதுவரை எப்படியாவது அவளை லீவு போடவை.

மணவாளன்


புதுவாயல், நம் வீடு
10 ஜூலை 2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. உன் எதிரே உட்கார்ந்து வாயசைத்துச் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதினால்தான் வருகிறது. நீ சுகமாக இருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன், அதனால் இந்தத் தரம் விசாரிக்கவில்லை.

கோஃபி நேற்று செய்தி அனுப்பினார். புதிதாக யாரோ அந்த மில்லை வாங்கியிருக்கிறார்கள். பொத்தானை அழுத்தியதும் உருளைகள் சுற்றினவாம். வீடியோவும் அனுப்பினார். நான் திரும்பி வருவேனா என்று புது முதலாளி கேட்கச் சொன்னாராம், சம்பளம் டாலரில். நான் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நைனாவை நினைத்துக்கொண்டேன். இந்தத் தரம் கூடவே இன்னொரு முகமும் வந்தது, இருபது வயதில், ரெட்டைச் சடை போட்டு, சோற்றுத் தூக்கோடு ஆணி கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற முகம். நானே எத்தனை தரம் அந்த பஸ்ஸைத் தாண்டி ஸ்கூலுக்குப் போயிருக்கிறேன். நான் வரவில்லை என்று கோஃபிக்கு எழுதிவிட்டேன். இங்கே சிப்காட் மில்லில் கொடுப்பதே போதும். காதுக்கு மூடி போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன், பையன்கள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

காது டாக்டர் பூமிகாவுக்குச் சொன்னதை அவள் உனக்குச் சரியாகச் சொல்லியிருக்கமாட்டாள். கொஞ்சம் போனது போனதுதானாம். இத்தோடு நிறுத்தியதால் மீதி நிற்குமாம். உன்னையும் ஒருதரம் கூட்டிவரச் சொன்னார். நீ மாட்டேன் என்பாய் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். ஆனாலும் வியாழக்கிழமைக்கு டோக்கன் வாங்கி வைத்திருக்கிறேன்.

நீ எனக்குச் செய்ததற்கு என்ன எழுதுவது, அக்கா? அந்தக் குழம்பு ருசியாக இருந்தது என்று ஊரெல்லாம் சொன்னேன். கானாவில்கூடச் சொன்னேன். யார் போட்ட சோறு என்று ஒருநாளும் கேட்கவில்லை.

இன்று காலேஜ் திறக்கிறது. விட்ட வருஷத்தையே திரும்பப் படிக்கவேண்டும் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். நீ கடையிலிருந்து வரும்போது நாங்கள் கிளம்பிப்போயிருப்போம், பஸ் ஏற்றிவிட்டு நேரே ஷிப்டுக்குப் போகிறேன். காபி ஃப்ளாஸ்க்கில் இருக்கிறது. வெள்ளைக் கோட்டுக்கு நான்தான் கஞ்சி போட்டேன், கொஞ்சம் விறைத்துவிட்டது.

இப்போது அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறாள், முதுகு என் பக்கம். இதை எழுதிக்கொண்டே கூப்பிட்டுப் பார்த்தேன். சத்தமாக இல்லை, சாதாரணமாகத்தான், "பூமி" என்று.

திரும்பினாள், அக்கா.

உன் தம்பி
மணவாளன்